தொங்குற காகித இதயம்: வெட்டுறதா, வளைக்கிறதா?

கேள்வி, 21 ஜனவரி 2024 (நவி மும்பை ஐரோலியிலிருந்து ஒரு தங்கச்சி)

ஆபீஸ்ல பிப்ரவரி 14-க்கு எங்க தளத்தை அலங்காரம் பண்ற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. சீலிங்கிலேருந்து தொங்கவிட காகித இதயம் 40 வேணும். சார்ட் பேப்பர்ல வெட்டி நூல்ல கட்டிப் பார்த்தேன், சவசவன்னு இருக்கு. ரெண்டு தாளை ஒட்டினா வெள்ளைப் பசையில சுருங்கிப்போகுது. கையில காசுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க.

21 ஜனவரி, ராத்திரி

வெட்டாதீங்க, வளைங்க. பதில் இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

இதயம்னு சொன்னதும் எல்லாரும் கத்திரிக்கோலைத்தான் எடுக்கறோம். மடிச்சு, பாதி வரைஞ்சு, வெட்டிப் பிரிச்சா மேஜை மேல அழகா இருக்கும். தொங்கவிட்டா ஃபேன் காத்துக்கு அரைச் சுத்து திரும்பும், ஓரம் நம்ம கண்ணுக்கு நேரா வரும், இதயம் போய் ஒரு கோடுதான் தெரியும். நாற்பது கோட்டை வச்சுக்கிட்டு என்ன அலங்காரம்?

கெட்டித்தாளை 2 செ.மீ. அகலப் பட்டையா நறுக்குங்க. ஒரு இதயத்துக்கு ஆறு பட்டை. ரெண்டு ஏ4 தாளோட முழு நீளம், அதாவது 29.7 செ.மீ. ரெண்டு 25. ரெண்டு 20. குட்டையை நடுவுல, நெட்டையை வெளியில வச்சு, ஒரு முனையைச் சமமாத் தட்டி ஒரு ஸ்டேப்ளர் பின் அடிங்க. அப்புறம் மூணு பட்டையை வலப்பக்கமும் மூணை இடப்பக்கமும் வளைச்சு இறக்கி, எல்லா நுனியையும் கீழே ஒண்ணு சேர்த்து இன்னொரு பின். ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு இதயம் வரும். பசையே வேண்டாம்.

பொண்ணு அஞ்சாவது படிக்கறப்போ ஸ்கூலுக்காகச் செஞ்சது. ஞாபகத்துலேருந்து எழுதறேன்.

22 ஜனவரி

எத்தனை தாள் வாங்கணும்னு கேட்டிருக்காங்க. ஏ4 தாளோட அகலம் 21 செ.மீ. பத்துப் பட்டை வரும், ஒரு செ.மீ. குப்பை. நாற்பது இதயத்துக்கு 240 பட்டை, 24 தாள். சரியா ஒரு குயர்.

எடை: ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கற கணக்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒண்ணு 5 கிராம். 180 ஜிஎஸ்எம்னா 11 கிராம் சொச்சம். அதுல செஞ்ச ஆறு பட்டை இதயம் ஐந்தரை கிராம்தான் வரும். நாற்பதும் சேர்ந்தா கால் கிலோ கூட இல்ல. சீலிங் தாங்காதுன்னு உங்க அட்மின் ஆள் சொன்னா நம்பாதீங்க.

ஸ்டேப்ளர்ல கவனம். வீட்டுல இருக்கற குட்டி 10-ஆம் நம்பர் திணறும். ஆறு பட்டையும், தொங்கவிட நடுவுல வைக்கற பட்டை ஒண்ணும் (முதல்ல சொல்ல விட்டேன், 20 நறுக்கின மிச்சத் துண்டு போதும்) சேர்ந்து ஏழு அடுக்கு, சாதாரண ஜெராக்ஸ் தாள் பதினாறு சேர்ந்த கனம். பின்னோட கால் உள்ளே போகாம நசுங்கிடும். 24/6 பின் போடற பெரிய ஸ்டேப்ளர் எடுத்துக்கோங்க. எல்லா ஆபீஸ்லயும் அக்கவுண்ட்ஸ் ஆளுங்க மேஜையில ஒண்ணு இருக்கும். நானும் அக்கவுண்ட்ஸ்தான். சொல்லாம எடுத்தா எங்களுக்கு எவ்வளவு கோபம் வரும்னு உங்களுக்குத் தெரியாது, கேட்டுட்டு எடுங்க.

24 ஜனவரி

செம்பூர் அக்கா போட்ட போட்டோவைப் பார்த்தேன். அது இதயம் இல்லக்கா, பிரிஞ்சுபோன ஜாங்கிரி. தப்பு உங்க மேல இல்ல, என் மேல.

நேத்து சாப்பிட்டு முடிச்சுட்டு நானே உட்கார்ந்து செஞ்சு பார்த்தேன். எனக்கும் ஜாங்கிரிதான் வந்துச்சு. குட்டையை நடுவுல வைக்கச் சொன்னேன்ல, அது தலைகீழ். நெட்டைதான் நடுவுல வரணும். வரிசை இப்படி: குட்டை, நடுத்தரம், நெட்டை, அப்புறம் தொங்கவிடற பட்டை, மறுபடி நெட்டை, நடுத்தரம், குட்டை.

ஏன்னு பாருங்க. ஏழையும் நிமிர்த்திப் பிடிங்க, பின் அடிச்ச முனை கீழே விரலுக்குள்ள இருக்கட்டும். வலப்பக்கம் ஆகக் கடைசியா இருக்கற பட்டையை வலது பக்கமா வளைச்சு இறக்குங்க. அதைத் தடுக்க அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல, சின்ன வளையமாச் சுருண்டு கீழே வந்துடும். அடுத்தது அந்த வளையத்தைத் தாண்டி வரணும். நடுவுல இருக்கறது ரெண்டையும் தாண்டி, ஊரைச் சுத்தி வரணும். யாருக்கு வழி தூரமோ அவங்களுக்குத்தானே நீளம் வேணும்? நான் சொன்ன மாதிரி வச்சா நடுவுல இருக்கற குட்டை எட்டாம இழுக்கும், வெளியில இருக்கற நெட்டை உள்ளே மாட்டிக்கிட்டு நெளியும். தொங்கவிடற பட்டை மட்டும் எங்கேயும் வளையாம ரெண்டு மேட்டுக்கும் நடுவுல நேரா மேலே போகும்.

செஞ்சு முடிச்ச இதயத்துல நெட்டைதான் வெளி ஓரமாத் தெரியும். எனக்கு அந்த முடிஞ்ச உருவம்தான் ஞாபகம் இருந்துச்சு. மேல பள்ளத்துல நடுவுல நிக்கறது கீழ நுனிக்கு வரும்போது வெளிப்பக்கம் போயிடுதுங்கறது மறந்துபோச்சு. பொண்ணுகிட்ட சொன்னேன். "அப்பவும் இப்படித்தான் சொன்னீங்க, அம்மாதான் சரி பண்ணிக் குடுத்தா"ன்னு சொல்றா. இருக்கலாம்.

24 ஜனவரி, மறுபடியும்

அக்கா, முதல் குறிப்பை அழிக்கமாட்டேன். அழிச்சா உங்க திட்டு எதுக்குன்னே தெரியாம அந்தரத்துல தொங்கும்.

27 ஜனவரி

சனிக்கிழமை. இவ்வளவு பேசிட்டு தாள் வாங்காம இருந்தா எப்படின்னு சயானிலேருந்து ஸ்லோ லோக்கல் பிடிச்சு சிஎஸ்எம்டி ஸ்டேஷன், அங்கேருந்து நடந்து கிராஃபர்ட் மார்க்கெட். அந்தக் கட்டடத்துக்கு மகாத்மா ஜோதிபா ஃபுலே பேர் வச்சு எவ்வளவோ வருஷம் ஆச்சு, வாய் இன்னும் பழைய பேரைத்தான் சொல்லுது. அதை ஒட்டின அப்துல் ரெஹ்மான் தெருவுல பேனா, தாள், ரிப்பன், ஜரிகைன்னு கடை மேல கடை. தாள்னு கேட்டா அடுத்த நொடி "கித்னா ஜிஎஸ்எம்", எத்தனை ஜிஎஸ்எம்னு திருப்பிக் கேப்பாங்க. அதுக்குப் பதில் தெரிஞ்சிருந்தா உங்களை மனுஷனா மதிப்பாங்க.

நாலு விதமும் செஞ்சு பார்த்தாச்சு. 80-ல செஞ்சது ஒரு மணி நேரத்துல தோளைத் தொங்கப்போட்டுடுச்சு. 120 சின்ன இதயத்துக்குச் சரி. 180 அருமை. 250-ஐ வளைச்சா வளைவுல உடைஞ்சு வெள்ளைக் கோடு தெரியுது. அந்த வெள்ளைக் கோடு எல்லாத் தாள்லயும் வராது. நிறம் உள்ளே வரைக்கும் ஊறின தாள்னா உடைஞ்சாலும் உள்ளேயும் அதே நிறம். மேல மட்டும் நிறம் அடிச்சதுன்னா காட்டிக் குடுத்துடும். கடையில ஒரு மூலையைக் கிழிச்சுப் பார்த்தா தெரியும். கிழிக்க விட்டா.

இன்னொண்ணு. தாளுக்கும் மரம் மாதிரி நார் ஓட்டம் உண்டு. தாளை நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல ஒரு தடவை லேசா வளைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் சொன்ன பேச்சு கேக்கும், இன்னொரு பக்கம் முறைக்கும். சொன்ன பேச்சு கேக்கற பக்கமா வளையற மாதிரி பட்டை நறுக்கணும். ஏ4 தாள்ல பெரும்பாலும் நார் நீளவாக்குலதான் ஓடும், அதனால நீளமா நறுக்கின பட்டை கொஞ்சம் முறைக்கத்தான் செய்யும். பெரிய சார்ட் வாங்கினா எந்தப் பக்கம் நறுக்கறதுன்னு நீங்களே பார்த்துக்கலாம். எந்தத் தாளா இருந்தாலும், வளைக்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் ஓரத்துல வச்சுக் கட்டைவிரலால அழுத்தி ஒரு இழுப்பு இழுங்க. தானா சுருளும், அப்புறம் மடிப்பு விழாது.

திரும்பி வரும்போது சாயங்காலக் கூட்டம். கையில இருந்த சார்ட் சுருளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன். சயான்ல இறங்கறப்போ அது சப்பாத்தி. ஆனா சுருட்டின சுருள் அப்படியே பதிஞ்சுபோனதால பட்டையெல்லாம் தானா வளையுது. இதுக்காக யாரும் ஆறு மணி வண்டியில ஏறவேண்டாம்.

28 ஜனவரி

முதல் வரியைப் பாதி வாபஸ் வாங்கறேன்.

காலையில ஹால் வாசல்ல ஒண்ணைத் தொங்கவிட்டு, ஃபேனை ரெண்டுல வச்சுட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பட்டை இதயமும் திரும்புது. திரும்பினா 2 செ.மீ. அகலத்துல ஒரு பட்டை மட்டும் தெரியுது. வீட்டுக்காரி காபியோட வந்து நின்னு பார்த்தா. "வெட்டினா கோடு, வளைச்சா தடிச்ச கோடு, இதுக்கா ஒரு வாரமா எழுதிக்கிட்டு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. மதியம் வரைக்கும் உட்கார்ந்தேன். ரெண்டு வழி கிடைச்சுது.

ஒண்ணு, மூணையும் ஒரே பின்னுல கட்டாம பெரிய இதயம் தனி, சின்ன இதயம் தனியாச் செய்யறது. பெருசோட பள்ளத்துலேருந்து ஒரு விரல் நூல்ல சின்னதை உள்ளே தொங்கவிடுங்க. ரெண்டும் தன்பாட்டுக்குச் சுத்தும். ஒண்ணு ஓரம் காட்டற நேரம் இன்னொண்ணு முகம் காட்டும். ரெண்டும் சேர்ந்து மறையறது எப்பவாவது ஒரு கணம்தான். நாலு பட்டை போதும், தாளும் மிச்சம்.

ரெண்டாவது வழியில, ஆமா, வெட்டணும். 120 ஜிஎஸ்எம்-ல ஒரே அளவா ஆறு இதயம் வெட்டி, ஒவ்வொண்ணையும் நடுவுல மடிச்சு, ஒண்ணோட வலப்பாதியை அடுத்ததோட இடப்பாதியில ஒட்டிக்கிட்டே போகணும். கடைசியை ஒட்டி மூடறதுக்கு முன்னாடி நடு மடிப்புல நூலை வச்சிடணும். மறந்தா பின்னாடி ஊசி போட்டு இழுக்க வேண்டியதுதான், நான் போட்டேன். முடிஞ்சா ஆறு இறக்கை, நட்சத்திரப்பழத்தைக் குறுக்கால வெட்டின மாதிரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் இதயம்தான். பசை சுருங்குதுன்னு தங்கச்சி கேட்டது இங்கேதான் வரும். வெள்ளைப் பசையில தண்ணி இருக்கு, தண்ணி பட்டா நார் ஊறும், ஊறினது காயறப்போ ஒரே மாதிரி காயாது. இதுக்குக் குச்சிப் பசைதான் லாயக்கு. ஓரத்துலேயும் மடிப்புலேயும் மட்டும் தடவினா போதும்.

நாற்பதையும் இப்படிச் செஞ்சா 240 இதயம் வெட்டணும். அதனால வாசலுக்கு நாலு இப்படி, மீதி முப்பத்தாறும் வளைச்சதுன்னு வச்சுக்கோங்க. அப்ப தலைப்புக்குப் பதில்? ரெண்டும்தான். எனக்கே அவ்வளவு சந்தோஷமா இல்ல.

30 ஜனவரி

நூல் விஷயம் விட்டுப்போச்சு. தையல் நூல் முறுக்கினது. கனம் தொங்கினா முறுக்கு பிரியப் பார்க்கும், அதுலயே இதயம் ராட்டினம் சுத்தும். தூண்டி நரம்பு வாங்குங்க, ஆகச் சன்னமானது. ஒரே இழை, முறுக்கு இல்ல, தூரத்துல நின்னா கண்ணுக்கும் தெரியாது. முடிச்சு மட்டும் வழுக்கும், மூணு முடிச்சாப் போடுங்க. மூணு முடிச்சுன்னதும் சிரிக்காதீங்க, காதலர் தினம்தானே.

சங்கராந்திக்குப் பட்டம் விட்டு மிஞ்சின மாஞ்சா இருக்குன்னு எடுத்துடாதீங்க. நைலான் மாஞ்சாவை 2017 ஜூலையிலேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை பண்ணிடுச்சு. அதுல தொங்கற இதயத்துக்குக் கீழ நடந்துபோறவன் கழுத்தை நினைச்சுப் பாருங்க.

ஆனா மிஞ்சின பட்டத்தாள் இருந்தா தூக்கிப் போடாதீங்க. அதுக்கு ஒரு வேலை இருக்கு.

1 பிப்ரவரி

பட்டத்தாள்ல என்ன வேலைன்னு மூணு பேர் கேட்டாச்சு. வால் கட்டறதுதான்.

தீபாவளிக்கு முன்னாடி மாஹிம்ல கந்தீல் கல்லிப் பக்கம் போயிருக்கீங்களா? தெரு முழுக்க ஆகாஷ் கந்தீல், தீபாவளிக்குத் தொங்கவிடற விளக்குக் கூடு. பழைய மாதிரி கந்தீல்னா மூங்கில் சிம்பு, மேல பட்டத்தாள், கீழ கத்தை கத்தையா வால். மராட்டியில அந்த வாலுக்கு ஜிர்மில்யான்னு பேர். போன தீபாவளிக்கு அங்க ஒரு பெரியவர் வால் வெட்டறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். தாளை நாலா மடிச்சு, மேல ரெண்டு விரல் அகலம் விட்டுட்டு, கத்திரிக்கோலை மூடாமலே சர் சர்ருன்னு ஓட்டறார். அளவுகோல் இல்ல, கோடு இல்ல. எல்லா இழையும் ஒரே அகலம். "எத்தனை வருஷமாச் செய்யறீங்க"ன்னு கேட்டேன். "அதை எண்ணினா வால் எண்ணிக்கை விட்டுப்போகும், போங்க"ன்னுட்டார்.

இதயத்தோட கீழ் நுனியில அப்படி ஒரு வால் கட்டிப் பாருங்க. அழகுக்கு மட்டும் இல்ல. வால் காத்தை வாங்கிக்கும், இதயம் பம்பரமாச் சுத்தாம மெதுவாத் திரும்பும். பட்டத்துக்கு எதுக்கு வால் கட்டறோமோ அதே கணக்கு.

எழுதும்போது எங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழா ஞாபகம் வருது. திருநெல்வேலிப் பக்கம். தெருவுக்குக் குறுக்கால சணல் இழுத்து, முக்கோணமா வெட்டின கலர்த்தாளை மடிச்சு ஒட்டற வேலை எங்க மாதிரி பொடியன்களுக்கு. மைதாவைக் கிண்டி, பூச்சி வராம இருக்க துளி மயில்துத்தம் போட்டு ஒரு பசை. நீலமா ஒரு நிறம் வரும். துத்தம் விஷம், இப்ப எந்தக் குழந்தை கையிலயும் குடுக்கமாட்டேன். அப்ப எங்க கையில குடுத்தாங்க, நாங்க அதே கையை டவுசர்ல துடைச்சுட்டு முறுக்கு தின்னோம். மாவிலையும் குருத்தோலைக் கிளியும் பெரியவங்க கட்டுவாங்க. அதுக்குப் பக்கத்துல எங்க கலர்த்தாள். மறுநாள் பனி விழுந்தா சாயம் கரைஞ்சு வெள்ளைச் சட்டையில சொட்டும்.

4 பிப்ரவரி

இன்னிக்கு விஷயம் வேற, ஆனா தொங்கறதுதான்.

டென்மார்க்குல கிறிஸ்துமஸ் மரத்துல ரெண்டு நிறத் தாளைப் பின்னி இதயம் செஞ்சு தொங்கவிடுவாங்க. கதை எழுதின ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-ல செஞ்ச ஒண்ணு இன்னும் பத்திரமா இருக்கு. அதோட விசேஷம், மேல் பக்கம் வாய் திறக்கும், உள்ளே மிட்டாய் போடலாம்.

அளவு: 7 செ.மீ. அகலம், 22 நீளம், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. ரெண்டா மடிச்சா 7-க்கு 11. மடிப்பு இல்லாத முனையை அரைவட்டமா வெட்டணும். மடிப்புப் பக்கத்துலேருந்து உள்ளே ரெண்டு கீறல், மூணு பட்டை வரும். கீறலோட நீளம் அகலத்தைவிட ஒரு நூல் கூட இருக்கணும், 7 அகலத்துக்கு 7.5. சரியா 7 வெட்டினா கடைசிப் பட்டை உள்ளே போகாம கிழியும். எனக்கு ரெண்டு கிழிஞ்சுது.

மூணாவது கிழியலை, ஆனா வாய் திறக்கலை. பாய் மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு விட்டுப் பின்னிட்டேன். பார்க்க இதயம், தூக்கினா தட்டை அட்டை. வலையில பார்த்த படத்தை வச்சு அரை மணி நேரம் முட்டிக்கிட்டேன். அம்மா கட்டில்ல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டு இருந்தா, எழுபத்தாறு வயசு. கண்ணை டிவியிலேருந்து எடுக்கலை.

"என்னலே அது, பெட்டியா?"

"இதயம்மா. காதலர் தினத்துக்கு."

"இங்க கொண்டா."

வாங்கித் திருப்பிப் பார்த்தா. "மேலயும் கீழயும் விட்டா அது பாய்தாம்லே. ஒண்ணுக்குள்ள ஒண்ண விட்டு எடுத்தாத்தான் பெட்டி."

அவ்வளவுதான் ரகசியம். ஒவ்வொரு பட்டையும் மடிச்ச ரெட்டைத் தாள், அதுக்குள்ள ஒரு இடுக்கு இருக்கு. வெள்ளைப் பட்டை முதல் சிவப்போட இடுக்குக்குள்ள நுழையணும், ரெண்டாவது சிவப்பைத் தன் இடுக்குக்குள்ள வாங்கிக்கணும், மூணாவதுக்குள்ள மறுபடி நுழையணும். அடுத்த வெள்ளை இதுக்கு எதிர்மாறா. முடிச்சதும் மேல விரலை விட்டா வாய் திறக்குது. சின்ன வயசுல அம்மா பனையோலையில கருப்பட்டி மிட்டாய்ப் பெட்டி முடைஞ்சிருக்கா. டென்மார்க் பத்தி எல்லாம் சொன்னேன். "அங்க பனை உண்டா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். "பாவம், அதான் தாள்ல செய்யுதாவ"ன்னுட்டு சேனலை மாத்திட்டா.

5 பிப்ரவரி

அம்மா ராத்திரியே ஆறு செஞ்சு வச்சிருக்கா. என்னோட கிழிஞ்ச ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ணிச் சொல்றா.

8 பிப்ரவரி

தங்கச்சி கேட்ட நடு இடத்துக்கான பெரிய தொங்கல். ஒரு குச்சியில ரெண்டு, அந்தக் குச்சியை இன்னொரு குச்சியில கட்டி அடுத்த பக்கம் ஒண்ணு, இப்படி அடுக்கறது. அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டர் தகடும் கம்பியும் வச்சு இதை ஒரு கலையாவே ஆக்கினார். இந்த மாதிரி அசையற சிற்பத்துக்கு மொபைல்னு 1931-ல பேர் வச்சவர் மார்செல் டூஷாம்ப். கையில வச்சிருக்கற போனுக்கு ரொம்ப முன்னாடி அந்தப் பேர் தொங்கிக்கிட்டு இருந்தது இதுலதான்.

கீழேருந்து மேல கட்டணும், இதை மட்டும் மறந்துடாதீங்க. அடிக் குச்சியில ரெண்டு இதயத்தைக் கட்டி, விரல் மேல வச்சு எங்க நிக்குதுன்னு பார்த்து அங்க நூல் கட்டுங்க. அப்புறம்தான் அது மேல் குச்சிக்குப் போகும். மேலேருந்து ஆரம்பிச்சா ஒவ்வொண்ணு சேர்க்கறப்பவும் முன்னாடி கட்டினதெல்லாம் சாயும். பத்து கிராம் பக்கத்துல நூல் நெருங்கி வரணும், அஞ்சு கிராம் பக்கம் ரெண்டு மடங்கு தள்ளிப் போகணும். சீசாப் பலகையில கனமான பிள்ளை நடுவுக்கு நெருங்கி உட்கார்ற அதே கணக்கு.

குச்சிக்கு ஈர்க்குச்சி. துடைப்பத்துலேருந்து நீளமா, வளையாததா உருவி, நல்லாக் கழுவிக் காயவச்சேன். ஒண்ணு கவனிக்கணும், ஈர்க்கு அடியில தடிப்பு, நுனியில சன்னம். ஒரே எடை இதயம் ரெண்டு பக்கமும் கட்டினாலும் நடு இடம் நடுவுல வராது, தடிச்ச பக்கம் தள்ளி வரும். முதல்ல இது புரியாம இதயத்தைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன்.

8 பிப்ரவரி, பின்குறிப்பு

வாரியல் இளைச்சுபோச்சுன்னு அம்மா கண்டுபிடிச்சுட்டா. குற்றவாளி யாருன்னு தொங்கறதைப் பார்த்தாலே தெரியுது.

10 பிப்ரவரி

டோம்பிவலி அண்ணாச்சி, இது நம்ம கலாச்சாரமான்னு கேட்டிருக்கீங்க. நான் காகிதம் பத்தித்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். ஆனாலும் சொல்றேன். மும்பையில ஒரு காலத்துல பிப்ரவரி 14-னா கார்டு கடைக்காரங்க கல்லுக்குப் பயந்து பாதி ஷட்டரோட நிப்பாங்க, அதைப் பார்த்த ஆளு நான். போன வருஷம் அதே நாள்ல பசுவைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி விலங்குகள் நல வாரியம் வேண்டுகோள் விட்டு, நாலு நாள்ல பிப்ரவரி 10-ஆம் தேதி வாபஸ் வாங்கிச்சு. நான் வாபஸ் வாங்கினதும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், அதனால நான் யாரையும் சிரிக்கற நிலையில இல்ல. தோரணம் கட்டினா சந்தோஷம்னு நமக்குத் தெரியும். எதுக்குக் கட்டறோம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். உங்க பேத்திக்கு ஒரு பெட்டி இதயம் அனுப்பவா?

14 பிப்ரவரி

இந்த வருஷம் காதலர் தினமும் சாம்பல் புதனும் ஒரே நாள். 2018-லயும் இப்படித்தான் வந்துச்சு. கீழ் வீட்டு அண்ணன் காலையில கோயிலுக்குப் போயிட்டு நெத்தியில சாம்பலோட வந்தார். அம்மா செஞ்ச சிவப்பு வெள்ளைப் பெட்டியில கடலை மிட்டாய் போட்டு நீட்டினேன். "இன்னிக்கு ஒருசந்தி"ன்னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, பெட்டியை மட்டும் வாங்கிக்கிட்டு மிட்டாயை என் கையில திருப்பிக் கொட்டிட்டு, நாளைக்கு வாங்கிக்கறேன்னு போயிட்டார். வசந்த பஞ்சமியும் இன்னிக்குத்தான். மூணு கட்சிக்காரங்களும் ஒரே நாள்ல கூட்டம் போட்ட மாதிரி.

தங்கச்சி, போட்டோ எங்கே?

15 பிப்ரவரி

வந்துடுச்சு. நல்லா இருக்கு. உண்மையிலேயே நல்லா இருக்கு. வால் கட்டினதுதான் எனக்குப் பிடிச்சது.

ரெண்டு விஷயம் அவங்க சொன்னது, அடுத்துச் செய்யறவங்களுக்காக. தண்ணி தெளிக்கற தீயணைப்புக் குமிழ்ல ஆறு இதயம் கட்டியிருந்தாங்களாம், மெயின்டனன்ஸ் ஆள் வந்து அதை மட்டும் கழட்டிட்டுப் போனாராம். அவர் செஞ்சது சரி, அதுல எதையும் கட்டக் கூடாது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ரெண்டு, டேப் போட்டு ஒட்டினதெல்லாம் மதியத்துக்குள்ள ஒவ்வொண்ணா தலையில விழுந்துச்சாம். ஃபால்ஸ் சீலிங்கைத் தாங்கற அந்த டி-பார் இரும்புதான். பேப்பர் கிளிப்பை எஸ் மாதிரி விரிச்சு அதோட ஓரத்துல மாட்டினா நிக்கும். குட்டிக் காந்தமும் பிடிக்கும்.

மீட்டிங் ரூம்ல மேனேஜர் தலைக்கு நேர் மேல ஒண்ணு மட்டும் எப்பவும் ஓரத்தையே காட்டிக்கிட்டு நின்னுச்சாம். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல.

6 ஜூலை

யாரோ இன்னிக்கு இதைத் தோண்டி எடுத்து, மழைக்காலப் பிறந்தநாளுக்கு ஆகுமான்னு கேட்டிருக்காங்க. பிப்ரவரி வேற, ஜூலை வேற. எங்க ஹால் வாசல்ல அந்த முதல் இதயம் இன்னும் தொங்குது. ஈரக் காத்துல நார் ஊதி, மேடு ரெண்டும் சாஞ்சு, இப்ப பார்த்தா முட்டைக்கோஸ். அதைவிட மோசம், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு ரோஸ் தாள்ல காப்பிக்கறை மாதிரி இறங்கியிருக்கு. மழைக்காலத்துக்குச் செய்யறதா இருந்தா பின் வேண்டாம், ஊசி நூல்ல ரெண்டு தையல் போடுங்க. தாள் 180 போதாது, 220 எடுங்க.

அம்மா பின்னின பெட்டி ஒண்ணு மட்டும் சாமி அலமாரி ஆணியில அப்படியே இருக்கு. பின் இல்ல, பசை இல்ல. அதுக்குள்ள இப்ப மழையில பத்திக்காத தீப்பெட்டிக் குச்சியெல்லாம் போட்டு வச்சிருக்கா.